முகிலிடை விமானியும் சுபாங் குன்றுகளும்

கிள்ளான் பள்ளத்தாக்கில் மாலை மழை கவியுங்கால், தோட்டத்து லயன் வாசலிலும் பிரிக்பீல்ட்ஸ் வீதியிலும் நிற்கும் நம்மவர், முகிலுக்குள் விமானத்தின் ஓசை கேட்டு, "விமானிக்கு வழி எவ்வாறு தெரிகின்றதோ!" என வியப்பதுண்டு. கண்ணுக்கு வழி தெரிவதில்லை என்பதே விடை. உடலுணர்ச்சியும் அங்கே பொய் சொல்லும். மெல்லச் சாய்கின்ற விமானத்தை நேரே செல்வதாகவே உட்செவி உணர்த்தும். ஆதலின் விமானி தன்னை நம்பாது கருவிகளை நம்பல் வேண்டும். 1929 செப்டம்பர் 24ஆந் தேதி, அமெரிக்காவில் ஜேம்ஸ் டூலிட்டில் என்பார், வெளியே எதுவும் தெரியாதபடி மூடிய இருக்கையிலமர்ந்து, கருவிகளைக் கொண்டே ஏறிப் பறந்து இறங்கிக் காட்டினார்.

கருவிகள் இருந்தும் கேடு விளைந்த வரலாறு நமது சிலாங்கூரிலேயே உண்டு.

1977 செப்டம்பர் 27ஆந் தேதி, ஜப்பான் ஏர்லைன்ஸின் டிசி-8 விமானமொன்று 79 பேருடன் ஹாங்காங்கிலிருந்து சுபாங்கை நோக்கி வந்தது. ஓடுபாதையைக் கண்ணாற் காணும்வரை இன்ன உயரத்திற்குக் கீழே இறங்கலாகாது என்பது விமானிகளின் விதி. அன்றைய எல்லை 750 அடி. பாதையைக் காணாமலே அவ்வெல்லையைக் கடந்த விமானம், எல்மினா ரப்பர்த் தோட்டத்துக் குன்றில் மோதிற்று. 34 பேர் மாண்டனர். 1983 டிசம்பரில் மாஸ் நிறுவனத்தின் ஏர்பஸ் ஒன்றும் மழையில் ஓடுபாதைக்கு முன்பே விழுந்தது. நல்லவேளையாக யாவரும் பிழைத்தனர்.

மூன்றாவது, ஆங்கிலம் கற்ற நம்மை நடுங்கச் செய்வது. 1989 பிப்ரவரி 19ஆந் தேதி விடியற்காலை, சிங்கப்பூரிலிருந்து வந்த பிளையிங் டைகர் நிறுவனத்தின் சரக்கு விமானத்திற்கு, 2,400 அடிக்கு இறங்குமாறு "டிசெண்ட் டூ ஃபோர் ஸீரோ ஸீரோ" என்று தரையிலிருந்து கட்டளை சென்றது. ஆங்கிலத்தில் இரண்டு என்னும் எண்ணும், தமிழின் 'கு' உருபுக்கு நிகரான சொல்லும் ஒரே ஓசையின. விமானிகள் "400 அடிக்கு இறங்குக" என்று கொண்டு, "ஓகே, ஃபோர் ஸீரோ ஸீரோ" என மறுமொழி பகர்ந்தனர். தரையிலிருந்தவர் அப்பிழையைப் பிடிக்கவில்லை. பால் நிறுக்கையில் எடையைத் திருப்பிச் சொல்லக் கேட்டே ஏட்டிற் பதிகின்ற கிராணிமாராகிய நாம் இதன் பொருளை நன்கறிவோம்: திருப்பிச் சொன்னதைச் செவி கொடுத்துக் கேளாவிடின் சொல்லியும் பயனென்னை? கைவசமிருந்த வரைபடத்தின் எல்லையும் அவ்வளவு தாழ இறங்க இடந்தரவில்லை. தரை நெருங்குகிறதென விமானத்துக் கருவி பன்முறை கூவியும் எவரும் மேலேற்றவில்லை. பூச்சோங்கினருகே 437 அடி உயரத்தில் மலைச்சரிவில் மோதி நால்வரும் மாண்டனர்.

இன்று அவ்வொலி கேட்டவுடன் ஆராய்ந்து நிற்றல் கூடாது. முழு விசை கொடுத்து மேலேறுதலே முதற்கடன், காரணத்தைப் பின்னர்க் கேட்கலாம் எனப் பயிற்றுகின்றனர். உயரத்தையும் "டூ தௌசண்ட் ஃபோர் ஹண்ட்ரட்" என ஆயிரமும் நூறும் விளங்கவே உரைத்தல் வேண்டும். 1998இல் பெரிய விமானங்கள் செப்பாங்கிற்குச் சென்றன. எல்மினாத் தோட்டமிருந்த பக்கத்தில் வீடுகள் எழுந்துவிட்டன. சுபாங்கில் இன்றும் மழையினூடே விமானங்கள் இறங்குகின்றன.