காஸாவில் ஏன் இவ்வளவு சனம்?

காஸா பற்றிய செய்திகளில் அடிக்கடி வரும் ஒரு வசனம்: "உலகிலேயே மிகவும் சனநெரிசலான இடங்களில் ஒன்று." அதைச் சொல்லிவிட்டுச் செய்தி அடுத்த விசயத்துக்குப் போய்விடும். சரி, ஏன் அங்க இவ்வளவு சனம்? எங்கயிருந்து வந்தது? இதைக் கேட்கிற ஆக்கள் குறைவு. ஆனால் பலஸ்தீனத்தின் வரலாறு இந்தக் கேள்விக்குள்தான் கிடக்கிறது.

காஸாவின் பரப்பளவு ஏறத்தாழ 365 சதுர கிலோமீற்றர். நீளம் 41 கிலோமீற்றர். சில இடங்களில் அகலம் 6 கிலோமீற்றர்தான். 2023 போருக்கு முன் அங்கே 20 இலட்சத்துக்கும் அதிகமானோர் வாழ்ந்தனர். அவர்களில் பத்தில் ஏழு பேர் ஐ.நா. பதிவேட்டில் உள்ள அகதிகள். அதாவது, அவர்களுடைய குடும்பங்களின் சொந்த ஊர் அந்த நிலத்துண்டுக்கு வெளியே இருக்கிறது.

1948க்கு முன் "காஸா துண்டு" எண்டு ஒரு இடமே இல்லை. எகிப்தையும் சிரியாவையும் இணைத்த பாதையில் இருந்த பழைய துறைமுக நகரம்தான் காஸா. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரித்தானியாவில் பீர் வடிக்க இங்கிருந்து பார்லி கப்பலேறியது. அந்தப் பார்லி விளைந்தது நகரத்தைச் சுற்றியிருந்த கிராமங்களின் வயல்களில்.

1947 நவம்பர் 29இல் பலஸ்தீனத்தைப் பிரிக்கும் திட்டத்தை ஐ.நா. ஏற்றது. சனத்தொகையில் மூன்றில் ஒரு பங்காக இருந்த யூதர்களுக்கு நிலத்தில் பாதிக்கும் மேல் ஒதுக்கப்பட்டது. அரேபியர் அதை மறுத்தனர். போர் மூண்டது. 7 இலட்சத்துக்கும் மேற்பட்ட பலஸ்தீனர்கள் விரட்டப்பட்டனர், அல்லது உயிருக்குப் பயந்து ஓடினர். 400க்கும் அதிகமான கிராமங்கள் வெறுமையாகின. இதைத்தான் அவர்கள் "நக்பா", பேரழிவு, என்கிறார்கள்.

சுமார் 80,000 பேர் இருந்த காஸாப் பகுதிக்குள் ஏறத்தாழ 2 இலட்சம் அகதிகள் வந்து சேர்ந்தனர். 1949 பெப்ரவரி 24இல் எகிப்தும் இஸ்ரேலும் போர்நிறுத்தக் கோடு ஒன்றைக் கீறின. அந்தக் கோடுதான் இந்தத் துண்டை உருவாக்கியது. சனம் இஞ்சால, வயல் அங்கால.

மஜ்தல் எண்ட ஊரைப் பாருங்கோ. கைத்தறி நெசவுக்குப் பெயர்போன, சுமார் 10,000 பேர் வாழ்ந்த ஊர். 1948 நவம்பரில் இஸ்ரேலியப் படை அதைப் பிடித்தபோது பெரும்பாலானோர் போய்விட்டார்கள். மிஞ்சிய சுமார் 2,500 பேரும் போர் முடிந்த பிறகு, 1950இல், வெளியேற்றப்பட்டனர். பெரும்பாலானோர் போனது காஸாவுக்கு. நெசவையும் அங்கே கொண்டுபோனார்கள். மஜ்தல் இன்று இஸ்ரேலின் அஷ்கெலோன் நகரத்துக்குள் இருக்கிறது. காஸாவின் வட எல்லையிலிருந்து 15 கிலோமீற்றர் கூட இல்லை.

ஊருக்குத் திரும்ப விரும்பும் அகதிகளை அனுமதிக்க வேண்டும் என்று 1948 டிசம்பரில் ஐ.நா.வின் 194ஆம் தீர்மானம் சொன்னது. இஸ்ரேலோ 1950இல் "இல்லாதோர் ஆதனச் சட்டம்" கொண்டுவந்தது. ஓடியவரின் வீடும் காணியும் அரச பொறுப்புக்குப் போயின. காணி உறுதி கையில், காணி இன்னொருவரிடம். அதே ஆண்டு ஐ.நா.வின் நிவாரண முகவரகம் வேலையைத் தொடங்கியது. கூடாரங்கள் பிறகு சீமெந்துக்கல் வீடுகளாகின. ஜபாலியா, நுசைராத் போன்ற எட்டு முகாம்கள் நிரந்தரமாகின.

1967இல் இஸ்ரேல் காஸாவையும் பிடித்தது. 2005இல் குடியேற்றங்களை அகற்றியது. 2007இலிருந்து முற்றுகையை இறுக்கியது. 2018இல் ஆயிரக்கணக்கானோர் வாராவாரம் வேலியருகே கூடியபோது அந்தப் போராட்டத்தின் பெயரே "திரும்புதலுக்கான பெரும் பயணம்". 2023 ஒக்ரோபர் 7இல் ஹமாஸ் தலைமையிலானோர் அந்த வேலியை உடைத்து நடத்திய தாக்குதலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டனர். அதற்குப் பின் இஸ்ரேல் நடத்திய போரில் காஸாவில் கொல்லப்பட்டவர்கள் பல்லாயிரம். பத்தில் ஒன்பது பேர் இடம்பெயர்ந்தனர். பாட்டன் ஒருமுறை ஓடினார். பேரப்பிள்ளை அஞ்சாறு தரம் ஓடியிருக்கிறது.

மாவும் மருந்தும் கூடாரமும் காஸாவுக்கு உடனே வேண்டும். அதில் சந்தேகமில்லை. ஆனால் நிவாரணத்தை மட்டும் கதைத்தால், இந்தச் சனத்துக்கு ஊர் ஒன்று இருந்தது என்பது மறைந்துபோகும். 1950களிலும் அதுதான் நடந்தது: ஊருக்கான உரிமையைக் கேட்டவர்களுக்குக் கிடைத்தது பங்கீட்டு அட்டை.

அடுத்த முறை "சனநெரிசல்" எண்டு வாசிக்கேக்க, அந்தச் சனத்தின் ஊர்ப்பெயர்களையும் ஒருக்காத் தேடிப் பாருங்கோ. மஜ்தலில் இருந்து தொடங்கலாம்.