கபனுக்குள் இருந்த உயிர்

அரபு மருத்துவர்களின் வரலாற்றைத் தொகுத்தளித்த பெருமக்களுள் இப்னு அபீ உஸைபிஆ தலைசிறந்தவர். தாமும் ஒரு மருத்துவராய் விளங்கி 1270ஆம் ஆண்டில் மறைந்த இவ்வறிஞரின் ‘உயூனுல் அன்பா’ எனும் பெருநூலில் இந்திய மருத்துவர்களுக்கென்றே தனி அத்தியாயம் ஒன்று உண்டு. கலீபா ஹாரூன் அர்ரஷீதின் காலத்தில் (கி.பி. 786–809) வாழ்ந்த ஸாலிஹ் இப்னு பஹ்லா எனும் இந்திய மருத்துவரைப் பற்றிய செய்தி அதில் காணக் கிடக்கிறது. நம் வாசக அன்பர்கள் அறிய வேண்டிய செய்தி அது.

கலீபாவின் முன் உணவு விரிக்கப்பட்டிருக்கிறது. அரண்மனை மருத்துவர் ஜிப்ரீல் இப்னு புக்தீஷூவைக் காணவில்லை. காலந்தாழ்ந்து வந்தவரைக் கலீபா கடிந்துகொள்கிறார். தம்மைக் கடிவதைவிடத் தம் சிறிய தந்தையின் மகன் இப்ராஹீம் இப்னு ஸாலிஹுக்காகக் கலீபா அழுவதே பொருத்தம் என்கிறார் மருத்துவர். இரவுத் தொழுகை வேளைக்குள் அவர் ஆவி பிரிந்துவிடும் என்பது ஜிப்ரீலின் முடிவு. கலீபா கண்ணீர் விடுகிறார், உணவு எடுக்கப்படுகிறது. அப்போது அமைச்சர் ஜஅஃபர் பர்மகீ ஒரு யோசனை கூறுகிறார். ஜிப்ரீலின் மருத்துவம் யவன மருத்துவம்; இந்திய மருத்துவத்தில் அவருக்கு நிகரான ஸாலிஹையும் அனுப்பிப் பார்க்கலாமே என்று.

ஸாலிஹ் சென்றார், நாடி பார்த்தார், திரும்பி வந்தார். இந்நோயாளி இன்றிரவு இறக்கமாட்டார் என்றார். அதோடு அமையவில்லை. இறந்துவிட்டால் தம் அடிமைகள் யாவரும் விடுதலை, செல்வம் அனைத்தும் ஏழைகளுக்கு, மனைவியர்க்கு முத்தலாக் என்று ஆணையும் இட்டுவிட்டார்! மறைவான ஒன்றின்மீது ஆணையிடுவதா என்று கலீபா கண்டிக்கிறார். எவருக்கும் அறிவோ சான்றோ இல்லாததே ‘கைப்’ எனப்படும் மறைவு. தாம் பேசியதோ தெளிந்த அடையாளங்களைக் கண்ட பின்னர் என்று மறுமொழி கூறுகிறார் ஸாலிஹ். இவ்விடத்தில் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். மரணத்தின் நேரம் இறைவன் மட்டுமே அறிந்தது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் ஒருவரின் உடலில் உயிரின் அடையாளம் உளதா இலதா என்பது கையால் தொட்டுப் பார்த்து அறியத்தக்க செய்தி. இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டு, தொட்டுப் பார்ப்பதற்கு முன்னரே ‘எல்லாம் முடிந்தது’ என்று கையை விரிப்பவர்கள் எக்காலத்திலும் உளர்.

அன்றிரவே இப்ராஹீமின் இறப்புச் செய்தி வந்தது. கலீபா ஜஅஃபரை நொந்தார். இந்திய மருத்துவத்தைச் சபித்தார். குளிப்பாட்டிக் கபனிட்டு, நறுமணமும் பூசியாயிற்று. அப்போது ஸாலிஹ் கலீபாவின்முன் வந்து, உங்கள் உறவினரை உயிரோடு புதைத்துவிடாதீர்கள் என்று கதறினார். பின்னர்க் கலீபாவை உள்ளே அழைத்துச் சென்றார். ஸாலிஹ் ஓர் ஊசியை எடுத்து, கிடந்தவரின் இடக்கைப் பெருவிரல் நகத்திற்கும் தசைக்கும் இடையே செலுத்தினார். ‘மையித்’ கையை இழுத்துக்கொண்டது! இறந்தவருக்கு வலி தெரியுமா என்று வினவினார் ஸாலிஹ்.

இதற்குப் பின் அவர் செய்ததே நம் நெஞ்சைத் தொடுகிறது. உடனே எழுப்ப முனையவில்லை. கபனுடையும் மணமுமாய்க் கிடக்கும் நிலையில் கண் விழித்தால், அந்த அதிர்ச்சியிலேயே இவர் மெய்யாக இறந்துவிடக்கூடும் என்று கூறி, கபனை அகற்றி, மணம் போகக் கழுவி, அன்றாட உடை உடுத்தி, வழக்கமான படுக்கையில் கிடத்தச் செய்தார். பின்னர்த் தும்மலை எழுப்பும் ‘குந்துஸ்’ பொடியையும் ஒரு துருத்தியையும் வரவழைத்து, மூக்கில் ஊதினார். உடல் நடுங்கியது, தும்மல் வந்தது, இப்ராஹீம் எழுந்து அமர்ந்தார். நாயொன்று பெருவிரலைக் கடித்ததாய்க் கனவு கண்டேன், இன்னும் வலிக்கிறதே என்றாராம். பின்னர் எகிப்தின் ஆளுநராகி அங்கேயே அடக்கமானார்.

கதையின் ஒவ்வொரு இழையும் நடந்தவாறே பதிவானது என்று நாம் வாதிடப் போவதில்லை. ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டுகள் வாய்வழியும் ஏட்டுவழியும் வந்தது அது. எல்லாவற்றையும் நம்மவர்களே முதலில் கண்டுபிடித்தார்கள் என்று முழங்கும் வழக்கமும் நமக்கு உடன்பாடன்று. இங்கே உயிர் மீட்டவர் இந்தியர். அதை மறைக்காமல் எழுதி வைத்தவர் அரபியர். அந்த நேர்மையே நமக்குப் பெருமை போதும்.

ஜனாஸாவை விரைந்து அடக்கம் செய்யுமாறு நபிமொழி பணிக்கிறது. ஆனால் மரணம் உறுதியான பின்னரே அவ்விரைவு. திடீரென வீழ்ந்தவர், நீரில் மூழ்கியவர், இடியால் தாக்குண்டவர் ஆகியோர் விஷயத்தில் ஐயம் அறவே நீங்கும்வரை காத்திருக்க வேண்டும் என்று ஷாஃபிஈ ஃபிக்ஹு நூல்கள் விதித்திருப்பதை ஓதியவர்கள் அறிவர். இன்றைய அவசர மருத்துவமும் இவர்களையே தனித்துக் குறிப்பிடுகிறது. இடி தாக்கிப் பலர் ஒருங்கே வீழ்ந்த இடத்தில், முனகுவோரை விட்டு, மூச்சின்றிக் கிடப்போரிடமே முதலில் செல்லுமாறு ஆம்புலன்ஸ் பணியாளருக்குக் கற்பிக்கப்படுகிறது. முனகுபவர் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார். மற்றவருக்கோ, நின்ற இதயத்தையும் மூச்சையும் உடனே தூண்டினால் பிழைக்கும் வாய்ப்பு உண்டு.

ஸாலிஹின் ஊசியும் துருத்தியும் இன்று வேறு வடிவில் வாழ்கின்றன. 1974இல் கிளாஸ்கோ நகர மருத்துவர்கள் டீஸ்டேலும் ஜென்னட்டும் நினைவின் அளவைக் கணிக்க ஓர் அளவுகோல் வகுத்தனர். அழைத்துப் பார்த்து விடையில்லையெனில், விரல் நகத்தை அழுத்தி வலிக்கு உடல் அசைகிறதா என்று பார்ப்பது அம்முறை. ஊசி குத்துவது இன்று கூடாது. நகம் மட்டும் அதே நகம்! துருத்தியை, 1774இல் லண்டனில் தோன்றிய மனிதநேயச் சங்கமும் நீரில் மூழ்கியோரை மீட்கப் பரிந்துரைத்தது. அது நுரையீரலைக் காயப்படுத்துவது கண்டு பின்னர்க் கைவிட்டனர். 1950களின் இறுதியில் அமெரிக்காவின் பால்டிமோரில் பீட்டர் ஸஃபர் எனும் மருத்துவர், தலையைப் பின்சாய்த்து வாயோடு வாய் வைத்து ஊதும் மூச்சே போதுமானது என்று சோதனைகளால் நிறுவினார். 1960இல் மார்பை அழுத்தி இரத்தத்தை ஓட்டும் முறையும் அதனோடு சேர்ந்தது. இதயம் நின்ற பெரியவர்களுக்கு முதலில் மார்பை அழுத்துவதே முறை என்று 2010இல் வரிசை மாற்றப்பட்டது.

அறிவு இருந்தும் ஆளில்லை என்பதே அன்றைய அவலம். அமெரிக்காவின் பல ஊர்களில் 1960கள் வரை ஆம்புலன்ஸாக ஓடியவை, சவ அடக்க நிறுவனங்களின் பிண வண்டிகளே. படுக்க வைத்துக் கொண்டுபோக வசதியான வண்டி அவர்களிடமே இருந்ததால் வந்த வழக்கம் இது. மூச்சுத் திணறும் ஒருவர் தம்மை ஏற்றிச் செல்ல வந்த பிண வண்டியைக் கண்டால் என்ன நினைப்பார்? கபனைக் கழற்றிய பின்னரே எழுப்பிய ஸாலிஹ் நம் நினைவுக்கு வருகிறார். பிட்ஸ்பர்க் நகரிலோ காவல்துறை வண்டியே வரும். தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடும். வழியில் நோயாளியைத் தொட்டுப் பார்ப்பாரில்லை.

1966இல் ஸஃபரின் மகள் ஆஸ்துமாவால் மூச்சு நின்று, பதினொரு வயதில் இறந்தாள். உலகுக்கு மூச்சு ஊதக் கற்பித்தவரின் வீட்டிலேயே இந்த இழப்பு. மறு ஆண்டு, 1967இல், பிட்ஸ்பர்க்கின் ஹில் பகுதியில் ‘ஃப்ரீடம் ஹவுஸ்’ எனும் ஆம்புலன்ஸ் அமைப்பு உருவாயிற்று. ஸஃபர் அதற்குப் பயிற்சி வகுத்தார். பயில வந்தோர் அப்பகுதியின் கறுப்பின இளைஞர்கள். வேலையற்றவர் பலர், பள்ளிப் படிப்பை முடிக்காதவர், வியத்நாம் போரிலிருந்து திரும்பியவர் எனச் சிலர். எதற்கும் உதவாதவர்கள் என்று ஊரார் ஒதுக்கியிருந்த அவர்கள், ஏறத்தாழ 300 மணி நேரம் பயின்று, மூச்சுப் பாதையைத் திறக்கவும் குருதியை நிறுத்தவும் இதயத்தைத் தூண்டவும் கற்றார்கள். வீதியிலேயே சிகிச்சை தொடங்கியது. பின்னாளில் நான்ஸி கரோலைன் எனும் இளம் பெண் மருத்துவர் அவர்களுக்கு வழிகாட்டினார். அவர்களோடு பணியாற்றி அவர் எழுதிய பாடத்திட்டமே அந்நாடு முழுமைக்கும் பாடமாயிற்று.

1975இல் நகராட்சி தனக்கெனச் சொந்த ஆம்புலன்ஸ் பிரிவைத் தொடங்கி, ஃப்ரீடம் ஹவுஸை மூடிவிட்டது. புதிய பிரிவில் அந்த முன்னோடிகள் பலருக்கு மதிப்பான இடம் கிடைக்கவில்லை. சிலர் வெளியேற்றப்பட்டனர், சிலர் மனம் வெறுத்து விலகினர். நிலைத்து நின்றவருள் ஒருவரான ஜான் மூன், பின்னாளில் அதே நகரப் பிரிவின் உதவித் தலைவராக உயர்ந்து, ஒதுக்கப்பட்ட குடியிருப்புகளின் இளைஞர்களைத் தேடிச் சென்று இப்பணியில் சேர்த்தார்.