குற்றம் மழையிலா, மரப் பொருத்திலா?

புளியந்தோப்பு, சூளைப் பக்கத்துப் பழைய ஆட்களுக்கு வஜ்ரம் நன்றாகவே தெரியும். தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் பசை அது. தச்சர்கள் கட்டியை ஊறவைத்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குவார்கள். சூடு ஆறுவதற்குள் தடவி ஒட்டிவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் ஏறினால் இளகிவிடும். 1959-இல் ஃபெவிகால் வந்த பிறகு அதன் புழக்கம் மெல்லக் குறைந்தது. இந்த ஒட்டும் வேலையில் நேர்ந்த கோளாறு ஒன்று இரண்டாம் உலகப் போரில் விமானங்களையே கவிழ்த்தது. பழி விழுந்தது நம் நாட்டு மழையின் மேல்!

இங்கிலாந்தின் டி ஹாவிலண்ட் கம்பெனி செய்த 'மஸ்கிட்டோ' என்ற போர் விமானம் 1940 நவம்பர் 25 அன்று முதன்முதலாகப் பறந்தது. இரண்டு என்ஜின் இருந்தும் உடலும் இறக்கையும் மரம்தான். போர்க்காலத்தில் அலுமினியத்துக்குக் கிராக்கி. அதனால் நாற்காலி, மேஜை செய்த பட்டறைகள்கூட இதன் பாகங்களைச் செய்து கொடுத்தன. பிர்ச் ஒட்டுப்பலகை இரண்டுக்கு நடுவே பால்சா மரத்தை வைத்து ஒட்டினார்கள். பிள்ளைகள் மாடல் விமானம் செய்கிறார்களே, அதே பால்சாதான். உடலை இடது பாதி, வலது பாதி என்று தனித்தனியாகச் செய்து, கடைசியில் இரண்டையும் சேர்த்து ஒட்டினார்கள். ஆரம்பத்தில் பயன்படுத்திய பசை, பாலிலிருந்து எடுக்கும் கேசின். பிறகு ஈரம் தாங்கும் யூரியா ஃபார்மால்டிஹைடு பசைக்கு மாறினார்கள்.

ஜப்பானியரை எதிர்க்க இந்த விமானங்கள் இந்தியாவுக்கும் வந்தன. 1944 நவம்பரில் சில விமானங்கள் அடுத்தடுத்து விழுந்து நொறுங்கின. இறக்கையின் மேல்பலகை உள்ளிருக்கும் உத்தரத்தை விட்டுக் கிளம்பியதுதான் காரணம் என்ற சந்தேகம் எழுந்தது. விசாரிக்க வந்தவர் மேஜர் ஹியர்வர்ட் டி ஹாவிலண்ட், அதாவது கம்பெனிக் குடும்பத்தவரே! டிசம்பரில் அவர் கொடுத்த அறிக்கை, பசை கெடவில்லை, மழைக்காலத்தில் மரம் சுருங்கியதே காரணம் என்றது.

பிறகு நடந்த விசாரணைகளின் முடிவு வேறு. இங்கிலாந்திலேயே இருந்த, மழைக்காலத்தையோ கரையானையோ கண்டிராத விமானங்களிலும் அதே கோளாறு இருந்தது. ஹாட்ஃபீல்ட், லீவ்ஸ்டன் ஆலைகளில் ஒட்டிய வேலையே சரியில்லை என்று தெரிந்தது. ஆனாலும் விமானத்தின் மேல் நம்பிக்கை போய்விடக் கூடாதென்று, பெரும்பாலும் தட்பவெப்பமே காரணம் என்ற முதல் பேச்சையே விமானப் படை அமைச்சகம் பிடித்துக்கொண்டது. விமானத்தில் ஏறியவர்களுக்கு உயிர் பிரச்சினை. மேலே இருந்தவர்களுக்குப் பெயர் பிரச்சினை.

ஒட்டும் வேலையில் என்ன தவறு நடக்கும்? இரு மரமும் முழுக்கப் படியாமல் இடைவெளி இருந்தால் பசையை அங்கே கொட்டி நிரப்பத் தோன்றும். நீர் கலந்த பசை காயும்போது சுருங்கும். தடிமனாகத் தடவிய இடத்தில் விரிசல் விடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. இறக்கைக்குப் பாரம் ஏறும்போதுதான் விட்டுக்கொடுக்கும்.

என்.சி.சி. விமானப் பிரிவில் ஏரோமாடலிங் உண்டு. பேரப் பிள்ளைகள் பால்சாவை அறுத்துக்கொண்டு உட்கார்ந்தால் இந்தக் கதையைச் சொல்லுங்கள். பசை போடாமலே முதலில் பொருத்திப் பார்க்கச் சொல்லுங்கள். வெளிச்சம் தெரியும் இடத்தை உப்புத்தாளால் தேய்த்துச் சரிசெய்யட்டும். பொடியை ஊதிவிட்டு, மெல்லிசாகப் பசை தடவி, வரைபடத்தின் மேலேயே குண்டூசி குத்தி, முழுக்கக் காயும்வரை தொடாமல் விடட்டும். அதற்குப் பிறகும் பிரிந்தால் மழையைப் பற்றிப் பேசலாம்.