ஜன்னலோரக் கேமரா: ஒரு சின்ன வரலாறு



சென்ற கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது என் செல்போனில் இருந்த செம்போத்துப் படத்தைப் பார்த்துவிட்டு, "எந்தக் காட்டுக்குப் போய் எடுத்தீங்க சார்?" என்று முதல் மாடித் தம்பி கேட்டார். காட்டுக்கும் போகவில்லை, கல்வராயன் மலைக்கும் போகவில்லை. எங்கள் சமையலறை ஜன்னல் வழியாக, நம் கட்டடத்தின் பின்புறப் புதரில் எடுத்தது. அதைப் பற்றி எழுதித் தரும்படி செய்திமடல் பொறுப்பாளர் கேட்டார். வங்கியில் பேரேடு எழுதியே காலம் தள்ளியவன் நான். எதையும் முதல் பதிவிலிருந்து தொடங்கினால்தான் எனக்கு மனசு ஆறும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் பதிவே ஒரு ஜன்னலில்தான் இருக்கிறது. கேமராவில் எடுத்து இன்று வரை அழியாமல் இருக்கும் படங்களில் மிகப் பழையது, பிரான்சில் நியெப்ஸ் என்பவர் 1826 அல்லது 1827இல் தன் வீட்டு மாடி ஜன்னலிலிருந்து எடுத்தது. தார் போன்ற ஒரு பொருளைப் பூசிய உலோகத் தகட்டில் பல மணி நேரம் வெளிச்சம் பட விட்டு எடுத்தார். சூரியன் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய்விட்டதால், படத்தில் இரண்டு பக்கச் சுவர்களிலும் வெயில் அடிக்கிறது. கூரைகள் தெரிகின்றன, ஒரு புறா மாடம்கூடத் தெரிகிறது. ஆனால் புறா ஒன்றுகூட இல்லை. அத்தனை நேரத்தில் எத்தனை புறாக்கள் வந்து போனாலும் தகட்டில் பதிந்திருக்காது. நின்றது மட்டுமே வரவு வைக்கப்பட்டது, பறந்ததெல்லாம் கணக்கில் ஏறவில்லை.

இங்கிலாந்தில் ஃபாக்ஸ் டால்பட் 1835 ஆகஸ்டில் தன் வீட்டு ஜன்னலையே படமெடுத்தார். தபால்தலை அளவுதான் இருக்கும். வீடெங்கும் அவர் வைத்திருந்த சின்னச் சின்ன மரப்பெட்டிக் கேமராக்களை அவர் மனைவி எலிப்பொறி என்று கேலி செய்வாராம். எலிப்பொறிதான், ஆனால் எலி அகப்படாத பொறி. உயிருள்ள எதுவும் அதற்காக அத்தனை நேரம் அசையாமல் நிற்காது.

நம் பக்கத்திலும் அதே கதைதான். மதராஸ் அரசின் படக்காரராக இருந்த லின்னேயஸ் ட்ரைப் 1858இல் மதுரை, தஞ்சை, திருச்சி கோயில்களை எடுத்த படங்கள் கல்லின் ஒவ்வொரு வரியையும் காட்டும். கோபுரத்தில் கிளியும் புறாவும் இல்லாமலா இருந்திருக்கும்? படத்தில் காணோம். வானம் வெறுமையாக இருக்கிறதே என்று சில நெகட்டிவ்களில் மேகத்தைக்கூட அவர் கையாலேயே தீட்டிச் சேர்த்திருக்கிறார்.

1871இல் ரிச்சர்ட் மேடக்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் ஜெலட்டின் பூசிய உலர்தகட்டுக்கு வழி சொன்னார். மற்றவர்கள் அதை மேம்படுத்தியதும், ஒரு நொடியின் சிறு பகுதியிலேயே படம் விழ ஆரம்பித்தது. இப்போது பறவை அசையலாம். ஆனால் புதிய சிக்கல் ஒன்று வந்தது. மனிதன் பக்கத்தில் போனால் பறவை பறந்துவிடுகிறது. நீண்ட தூரம் இழுத்துக் காட்டும் லென்ஸ் அப்போது கிடையாது.

இதற்கு விடை தேடியவர்களில் கியர்ட்டன் சகோதரர்கள் எனக்குப் பிடித்தவர்கள். யார்க்ஷயர் கிராமத்துப் பிள்ளைகள். அண்ணன் ரிச்சர்டு, தம்பி செரி. 1892இல் ஒரு பறவைக்கூட்டை முட்டைகளோடு படமெடுத்துத் தொடங்கி, 1895இல் முழுக்கப் புகைப்படங்களோடு ஒரு பறவைக்கூட்டுப் புத்தகமே போட்டார்கள். பிறகு என்ன செய்தார்கள் தெரியுமா? கசாப்புக் கடைக்காரரிடம் ஒரு மாட்டின் தோலை வாங்கி, உள்ளே மரச்சட்டம் அடித்து, பொய்மாடு ஒன்று செய்தார்கள். ஒருவர் அதன் வயிற்றுக்குள் குனிந்து நிற்பார், லென்ஸ் ஓர் ஓட்டை வழியாக எட்டிப் பார்க்கும். மாடு மேய்ந்தால் பறவைக்குப் பயமில்லை அல்லவா! ஒருமுறை அந்த மாடு உள்ளிருந்த ஆளோடு சாய்ந்து நான்கு காலும் வானத்தைப் பார்க்கக் கிடந்தது. அந்தப் படமும் இருக்கிறது.

அந்தப் பொய்மாட்டை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நம் சுவர்தான் ஞாபகம் வரும். வீடு பறவைக்குப் பழகிப்போன பொருள், அசையாது, துரத்தாது. ஜன்னலுக்குப் பின்னால் இருட்டில் நிற்கும் ஆள் அதன் கண்ணுக்கு ஆளே இல்லை. அவர்கள் தோல் வாங்கிச் செய்த மறைவிடத்தை நாம் மாதத் தவணை கட்டி வாங்கியிருக்கிறோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

"வீட்டுக்குப் பின்னால் காக்காயும் அணிலும்தானே இருக்கு, அதைப் போய்ப் படமா?" என்று கேட்பவர்களுக்கு நான் மா. கிருஷ்ணனைச் சொல்வேன். 1912இல் பிறந்தவர். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன். சென்னை மயிலாப்பூர்வாசி. யானையையும் காட்டெருமையையும் தேடி நாட்டின் காடுகளெல்லாம் அலைந்தார். வெவ்வேறு கேமராக்களின் பாகங்களை இணைத்துத் தானே ஒரு பெரிய கேமராவைக் கட்டிக்கொண்டு, கருப்பு வெள்ளையில் மட்டுமே எடுத்தார். பத்மஸ்ரீ விருதும் கிடைத்தது. அப்படிப்பட்டவர் 1950லிருந்து 1996இல் இறக்கும்வரை கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் எழுதிய பத்தியில், காட்டு விலங்குகளுக்குச் சமமாகக் காகம், அணில், கீரி, பல்லி எல்லாவற்றுக்கும் இடம் கொடுத்தார். 1961இல் வந்த அவருடைய புத்தகத்தின் பெயரே 'ஜங்கிள் அண்ட் பேக்யார்ட்'. காடும் கொல்லையும் ஒரே அட்டைக்குள். அழகுக்காக வெளிநாட்டுச் செடிகளை நடும் வழக்கத்தை அவர் கடுமையாகவே சாடினார். தமிழில் படிக்க விரும்புவோருக்கு, சு. தியடோர் பாஸ்கரன் தொகுத்த 'மழைக்காலமும் குயிலோசையும்' இருக்கிறது. என் பிரதி இப்போது இரண்டாம் மாடியில் இரவலில் உள்ளது. திருப்பித் தந்தால் அடுத்தவருக்குத் தருவேன்.

என் கதை சிறியது. வேலையில் சேர்ந்த புதிதில் ஆக்ஃபா கிளிக் கேமரா ஒன்று வாங்கினேன். ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம். பதினொன்று கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் போகும். மிச்சமிருந்த ஒன்றில் ஒரு மைனாவை எடுத்தேன். கழுவி வந்த படத்தில் மைனா ஒரு கரும்புள்ளி. பிரிண்டுக்குக் கொடுத்த காசை நினைத்து அதோடு நிறுத்திவிட்டேன். ஓய்வுக்குப் பின் மகன் பழைய டிஜிட்டல் கேமராவைக் கொடுத்ததும் மறுபடி ஆரம்பித்தேன்.

நீங்களும் செய்யலாம். அறை விளக்கை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கண்ணாடியில் உங்கள் பனியன்தான் விழும். லென்ஸைக் கண்ணாடியை ஒட்டினாற்போல் நேராகப் பிடியுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். கொசுவலை அடித்த ஜன்னலில் படம் புகைமூட்டமாக வரும், வலையில்லாத பாதியைத் திறந்து வையுங்கள். கூடு கட்டியிருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். கியர்ட்டன் காலம் வேறு, இன்று பல போட்டிகளில் கூட்டுப் படங்களை ஏற்பதே இல்லை. தேன்சிட்டு உங்கள் ஜன்னலை வந்து வந்து கொத்தினால் சகுனம் பார்க்க வேண்டாம். கண்ணாடியில் தெரியும் தன் உருவத்தை எதிரி என்று நினைத்துச் சண்டை போடுகிறது. ஒரு துணியை வெளிப்பக்கம் தொங்கவிட்டால் போய்விடும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வரும் பொதுக்குழுவின் நான்காவது பொருள், பின்புறப் புதர்வெளி முழுவதையும் சுத்தம் செய்து பேவர் கல் பதித்து வண்டி நிறுத்தம் ஆக்குவது. வண்டிக்கு இடமில்லை என்பது உண்மை, என் ஸ்கூட்டரும் வெயிலில்தான் நிற்கிறது. பாம்பு பயமும் நியாயமானது. ஆனால் அங்கே தரையில் நடந்து இரை தேடும் செம்போத்தின் உணவில் சிறு பாம்பும் உண்டு. கீரிப்பிள்ளையைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. இந்த இரண்டையும் தவிட்டுக்குருவிக் கூட்டத்தையும் நான் ஜன்னலில் எடுத்த படங்கள் தேதி வாரியாக இருக்கின்றன. கேட் பக்கத்து வெற்றிடத்தில் முதலில் கல் பதிக்கலாம், பின்புறத்தில் மதிலை ஒட்டிய பாதியை அப்படியே விடலாம் என்பது என் யோசனை. செலவு மதிப்பீட்டையும் போட்டு வைத்திருக்கிறேன், பழக்க தோஷம்.

தை மாதம் ஐந்தாம் தேதி தென்பெண்ணையில் தீர்த்தவாரிக்கு அண்ணாமலையார் நம் ஊருக்கு வருவார், வீட்டுக்கு வீடு விருந்தாளிகளும் வருவார்கள். அதையொட்டித்தான் தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும் நடக்கிறது. 2015லிருந்து நடந்து வரும் இதில், வீட்டிலிருந்தபடியே பதினைந்து நிமிடம் பார்த்து, கண்டதைப் பதிவு செய்தால் போதும். இந்த முறை நம் கட்டடத்தின் பெயரிலும் ஒரு பட்டியல் போக வேண்டும் என்று எனக்கு ஆசை.

பொதுக்குழு ஞாயிறு காலை பத்து மணிக்கு. ஓட்டுப் போடும் முன் பார்க்க விரும்புகிறவர்கள் அன்றைக்கே ஆறரை மணிக்கு எங்கள் வீட்டுக்கு வாருங்கள். காபி உண்டு. ஜன்னலில் ஒரே நேரத்தில் மூன்று பேர்தான் நிற்க முடியும், அதனால் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.