கொலம்பியாவில் ஒரு கேள்வி, கல்லுப்பட்டியில் ஒரு முடிவு

கோவில்பட்டியில் இருந்து வடக்கே சாத்தூர், விருதுநகர் தாண்டிப் போனால் தே.கல்லுப்பட்டி வரும். வழி நெடுக எங்க ஊர் மாதிரியே கரிசல்தான். மழை பெய்தால் காலைக் கவ்வும், வெயில் அடித்தால் வெடித்துக் கிடக்கும். அங்கே உள்ள காந்தி நிகேதன் ஆசிரமத்தில்தான் ஜே.சி.குமரப்பா தன் கடைசி வருடங்களைக் கழித்தார். காந்தியப் பொருளாதார அறிஞர் என்று அவரைப் பற்றி நிறைய பேர் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல நினைப்பது, அவர் அமெரிக்காவில் மாணவராக இருந்த அந்த ரெண்டு வருடத்தைப் பற்றி.

1892இல் தஞ்சாவூரில் பிறந்தவர். அப்போது பேர் ஜோசப் செல்லதுரை கொர்னேலியஸ். லண்டனில் கணக்குத் தணிக்கை படித்துவிட்டு, பம்பாயில் சொந்தமாக ஆடிட்டர் தொழில் நடத்தினார். கோட்டு சூட்டு, நல்ல வருமானம். 1927இல், 35 வயசில், அமெரிக்கா போய் மறுபடியும் மாணவர் ஆனார். முதலில் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகம். 1928இல் அதை முடித்து, நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொதுநிதி. அதாவது, அரசாங்கம் யார்கிட்ட வரி வாங்குது, அதை எதுக்குச் செலவு பண்ணுதுன்னு பார்க்கிற படிப்பு.

அங்கே அவருக்கு வாய்த்த பேராசிரியர் எட்வின் செலிக்மன். 1913இல் கொலம்பியாவுக்குப் போன அம்பேத்கருக்கும் இவரே ஆசிரியர். இந்திய மாகாண நிதி பற்றிய அம்பேத்கரின் நூலுக்கு முன்னுரை எழுதியவர். குமரப்பா முதலில் எடுக்க நினைத்த தலைப்பு பம்பாய் நகராட்சியின் நிதி. ஒரு ஆடிட்டருக்கு அது கைவந்த விஷயம். இதற்கிடையில் ஒரு தேவாலயத்தில், இந்தியா ஏன் ஏழையாக இருக்கிறது என்று பேசினார். அந்தப் பேச்சு பத்திரிகையில் வந்ததைப் படித்த செலிக்மன், இதையே ஆய்வாக எடுத்துச் செய்யச் சொன்னார்.

தலைப்பு மாறியதில் ஆளும் மாறிவிட்டார் என்பது என் எண்ணம். அதுவரை கம்பெனிக் கணக்கில் வரவும் செலவும் சரியா இருக்கான்னு பார்த்தவர். இப்போது ஒரு அரசாங்கத்தின் கணக்கையே தணிக்கை செய்ய உட்கார்ந்தார். ஏழையிடம் வாங்குகிற வரி ராணுவத்துக்கும் பெரிய அதிகாரிகளின் சம்பளத்துக்கும் போகிறது. கொடுத்தவனுக்கு அதில் திரும்பி வருவது சொற்பம். இந்தியாவின் வறுமைக்குக் காரணம் விதியோ சோம்பேறித்தனமோ இல்லை, நிதிக் கொள்கை என்ற முடிவுக்கு வந்தார்.

1929இல் ஊர் திரும்பியவர், ஆய்வைப் பதிப்பிக்கிற விஷயமாக மே 9ஆம் தேதி சபர்மதியில் காந்தியைச் சந்தித்தார். அது ‘யங் இந்தியா’வில் தொடராக வந்து, பிறகு புத்தகமும் ஆனது. ஆனால் காந்தி அவரிடம் கேட்டது வேறு ஒன்று: குஜராத்தில் கிராமங்களை நேரில் போய்க் கணக்கெடுக்க முடியுமா? “எனக்கு குஜராத்தி தெரியாதே” என்று குமரப்பா தயங்கினார். குஜராத் வித்யாபீடத்து மாணவர்கள் துணைக்கு வந்தார்கள். மாதர் தாலுகாவில் வீடு வீடாகப் போய் வரவு செலவு எழுதினார்கள். கொலம்பியாவில் அரசாங்கப் புள்ளிவிவரத்தில் பார்த்த வறுமையை அங்கேதான் அவர் கண்ணால் பார்த்தார். கொர்னேலியஸ் குமரப்பா ஆனதும் அமெரிக்காவில் இருந்து திரும்பிய பிறகுதான். அது அவர் தாத்தா பேர்.

அதன் பிறகு பம்பாய் ஆடிட்டர் வாழ்க்கைக்கு அவர் திரும்பவில்லை. வார்தாவில் கிராமத் தொழில்கள், பல தடவை சிறை, கடைசியில் 1950களில் கல்லுப்பட்டி. விளைகிற பொருளை விளைகிற ஊரிலேயே பண்டமாக்க வேண்டும் என்று சொல்லிவந்தவர், பருத்தியும் எண்ணெய் வித்தும் விளையும் மானாவாரி பூமியில் வந்து தங்கியது எனக்குப் பொருத்தமாகவே படுகிறது. 1960 ஜனவரி 30, காந்தி இறந்த அதே தேதியில், மதுரையில் காலமானார்.

எங்க பக்கத்துப் பிள்ளைகள் இப்போது நிறைய பேர் மேல்படிப்புக்கு வெளிநாடு போகிறார்கள். என்ன தலைப்பு எடுக்கலாம்னு சிலர் என்னிடம் கேட்பதுண்டு. நான் குமரப்பா கதையைச் சொல்வேன். பம்பாய் நகராட்சி நிதியை எழுதியிருந்தாலும் அவருக்குப் பட்டம் கிடைத்திருக்கும். கல்லுப்பட்டிக்கு வந்திருப்பாரா என்பது சந்தேகம்தான். பருத்தி எடுத்தவன் விலை சொல்ல முடியாமல் கமிஷன் கடை வாசலில் நிற்கிற ஊரில் இருந்து போகிற பிள்ளைக்கு, கேள்விக்கா பஞ்சம்?

மதுரை - ராஜபாளையம் பஸ்ஸில் போனால், ஒரு தடவை கல்லுப்பட்டியில் இறங்கி ஆசிரமத்தைப் பார்த்துட்டு வாங்க.