நியூயார்க்கின் சிப்பிக் கடைகளும் ஸ்டேக் உணவகங்களும்

நியூயார்க் நகரில் கடலுணவுக்கும் மாட்டிறைச்சிக்கும் தனித்தனியே தோன்றி, இருபதாம் நூற்றாண்டில் ஒன்றோடொன்று கலந்துபோன இருவகை உணவகங்களின் வரலாறு இது. ஆய்ஸ்டர் எனப்படும் சிப்பியைப் பச்சையாகவும் சுட்டும் வேகவைத்தும் பரிமாறிய நிலவறைக் கடைகள் முதலில் வந்தன. பெரிய மாட்டிறைச்சித் துண்டை நெருப்பில் வாட்டித் தரும் ஸ்டேக்ஹவுஸ் பிறகு வந்தது. தொடக்கத்தில் இரண்டுமே எளியவர் புழங்கிய இடங்கள்; விரிப்பில்லாத மேசை, மரத்தூள் தூவிய தரை, பெரிய குவளையில் பீர். இன்று இரண்டும் பணக்கார இடங்கள். இந்த மாற்றத்தில் சமையல்காரர்களின் பங்கு குறைவு. சாக்கடை, ரயில், பனிக்கட்டி ஆகியவற்றின் பங்கே அதிகம்.

சிப்பிக் காலம்

ஹட்சன் ஆற்றின் நன்னீர் அட்லாண்டிக்கின் உப்புநீரோடு கலக்கும் கழிமுகம் சிப்பி வளர ஏற்றது. ஐரோப்பியர் வருவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பிருந்தே பூர்வகுடிகள் அதை உண்டு வந்தனர். அவர்கள் விட்டுச்சென்ற ஓட்டுக் குவியல்கள் குடியேறிகளுக்குச் சுண்ணாம்பாகப் பயன்பட்டன. அளவின்றி அள்ளியதால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இயற்கைப் படுகைகள் மெலிந்தன. அதன்பின் செசபீக் விரிகுடாவிலிருந்து சிப்பிக் குஞ்சுகளைக் கொண்டுவந்து ஸ்டேட்டன் தீவை ஒட்டிய நீரில் விதைத்து வளர்த்தார்கள். அந்தத் தொழிலோடு மேரிலாந்திலிருந்து சுதந்திரக் கறுப்பினத்தவரும் வந்தனர். தீவில் அவர்கள் அமைத்த சாண்டி கிரவுண்ட் என்ற குடியிருப்பு அமெரிக்காவின் பழைய கறுப்பினக் குடியிருப்புகளுள் ஒன்று.

நகரில் சிப்பி விற்காத மூலை இல்லை. தள்ளுவண்டியில் விற்றார்கள், ஆற்றங்கரையில் கட்டி வைத்த இரண்டடுக்கு மிதவைக் கடைகளில் மொத்தமாக விற்றார்கள், தெருமட்டத்துக்குக் கீழே படியிறங்கிப் போகும் நிலவறைகளில் பரிமாறினார்கள். நிலவறையின் அடையாளம் வாசலில் தொங்கிய சிவப்பு விளக்குப் பந்து. கம்பிக் கூண்டின் மேல் சிவப்பு மஸ்லின் போர்த்தி உள்ளே மெழுகுவத்தி ஏற்றியிருப்பார்கள். கேனால் தெருக் கடைகளில் ஆறு சென்டுக்கு வயிறு கொண்ட மட்டும் தின்னலாம். அளவு மீறித் தின்பவனுக்குக் கெட்டுப்போன சிப்பி ஒன்றைக் கடைக்காரர் இடையில் நுழைத்துவிடுவார், அதோடு அவன் எழுந்துவிடுவான் என்றொரு பேச்சும் உண்டு. மெய்யோ பொய்யோ, வியாபார நுட்பம் தெரிந்தவர் கட்டிய கதை.

இந்த நிலவறைகளுக்கு நல்ல பெயர் இல்லை. பல இடங்களில் சிப்பியோடு வேறு தொழில்களும் நடந்தன. குடும்பத்துப் பெண்கள் படியிறங்க மாட்டார்கள். அந்த நிலையை மாற்றியவர் தாமஸ் டவுனிங். அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட பெற்றோருக்கு வர்ஜீனியாவின் சிங்கட்டீக் தீவில் 1791இல் பிறந்தவர். சிப்பி அள்ளியே வளர்ந்தவர். 1825இல் பிராட் தெருவில், வங்கிகளும் சுங்க அலுவலகமும் பங்கு வணிகரும் சூழ்ந்த இடத்தில், கடை திறந்தார். நள்ளிரவில் படகேறிப் போய், கரைக்கு வந்துகொண்டிருக்கும் சிப்பிப் படகுகளை நடுவழியில் மறித்துத் தரமானவற்றைப் பொறுக்கிக்கொண்டு, மிச்சத்தை மற்றவர்களுக்கு விடுவார் என்பது அவரைப் பற்றி நிலைத்த செய்தி. கடையில் கம்பளம் விரித்தார், கண்ணாடிச் சர விளக்கு தொங்கவிட்டார். மனைவியோடு வந்து உட்காரத்தக்க முதல் சிப்பிக் கடை என்று அது பேர் வாங்கியது. 1842இல் சார்லஸ் டிக்கன்ஸ் நியூயார்க் வந்தபோது நகரம் நடத்திய பெருவிருந்துக்கு உணவு ஏற்பாடு இவருடையதுதான். ஊறவைத்த சிப்பி ஐரோப்பாவுக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் போயிற்று. விக்டோரியா அரசியார் இவருக்குத் தங்கக் கடிகாரம் அனுப்பினார்.

மேலே வங்கி முதலாளிகள் சிப்பி தின்றுகொண்டிருக்கையில், கீழ்க்கிடங்கில் தெற்கிலிருந்து தப்பி வந்த அடிமைகள் கனடா போகும் வழியில் ஒளிந்திருந்தார்கள். மகன் ஜார்ஜும் அந்தப் பணியில் துணை. கறுப்பினத்தவருக்குக் குடியுரிமை தரும் சட்டம் நாடாளுமன்றத்தில் 1866 ஏப்ரல் 9 அன்று நிறைவேறியது; டவுனிங் மறுநாள் இறந்தார். அவர் நினைவாக நியூயார்க் வணிகர் சங்கம் ஒரு நாள் கதவடைத்தது. உணவக வரலாற்று நூல்கள் டெல்மோனிகோஸ் உணவகத்துக்கு ஒதுக்கும் பக்கங்களில் பாதியாவது இவருக்கு ஒதுக்கியிருக்கலாம்.

இறைச்சி ரயிலேறி வந்தது

நகரம் தின்ற மாடுகள் முதலில் நடந்தே வந்தன. பவரி சாலையின் புல்ஸ் ஹெட் சத்திரத்தருகே சந்தை கூடும். வாங்கிய மாடு அக்கம்பக்கத்திலேயே வெட்டப்படும். ஆங்கிலேய முறைச் சாப்ஹவுஸ்கள் செம்மறி இறைச்சியையும் மாட்டிறைச்சியையும் கரி நெருப்பில் வாட்டித் தந்தன. 1865 இறுதியில் சிகாகோவில் யூனியன் கால்நடை முற்றம் திறந்தது. 1867 முதல் டெக்ஸஸ் மாடுகள் கான்ஸஸின் அபிலீன் ரயிலடிக்கு ஓட்டி வரப்பட்டன. குஸ்டாவஸ் ஸ்விஃப்ட் 1880ஐ ஒட்டி பனிக்கட்டி வைத்துக் குளிரூட்டிய ரயில் பெட்டிகளை வெற்றிகரமாக ஓட்டத் தொடங்கியதும் மாட்டை உயிரோடு கொண்டுவரும் தேவையே போய்விட்டது. எலும்பும் தோலும் கழிவும் சிகாகோவில் தங்க, இறைச்சி மட்டும் நியூயார்க் வந்தது. விலை இறங்கியது. நாம் இன்று ஸ்டேக்ஹவுஸ் என்று அறியும் கடைகள் இந்தப் பத்தாண்டுகளில் முளைத்தது தற்செயல் அல்ல.

ஓல்டு ஹோம்ஸ்டெட் 1868இல், கீன்ஸ் 1885இல், புரூக்ளினின் பீட்டர் லூகர் 1887இல் தொடங்கின. லூகர் முதலில் காப்பிக்கடையும் பில்லியர்ட்ஸ் மேசையும் பந்துருட்டும் தளமும் சேர்ந்த இடம். கீன்ஸ் நாடகக்காரர்களின் கூடாரம். நீண்ட காம்புள்ள மண் புகைக்குழாய்களை வாடிக்கையாளர்கள் அங்கேயே விட்டுப்போவார்கள். கூரையில் இன்றும் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டவை தொங்குகின்றன. அங்கே பெண்களுக்கு அனுமதியில்லை. நடிகை லில்லி லாங்ட்ரி 1905இல் வழக்குப் போட்டு வென்று, உள்ளே போய் அவர்களுடைய புகழ்பெற்ற செம்மறிச் சாப்ஸைச் சாப்பிட்டார்.

டெல்மோனிகோஸ் இந்த வரிசையில் சேராது. தன் பேரில் ஒரு ஸ்டேக்கை அது விட்டுச்சென்றது உண்மைதான். ஆனால் அது பிரெஞ்சு முறைப் பெருவிருந்து மாளிகை.

ஸ்டேக்ஹவுஸின் சுபாவத்தை அறிய வேண்டுமானால் பார்க்க வேண்டியது பீஃப்ஸ்டேக் எனப்பட்ட ஆண்கள் விருந்தை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இறைச்சி வணிகர்களிடமும் அரசியல் மன்றங்களிடமும் பிறந்த வழக்கம் அது. பந்தி போலத்தான், இலை மட்டும் இல்லை. மதுக்கடையின் மேல்மாடியிலோ நிலவறையிலோ மரப்பெட்டிகளில் உட்கார்ந்து, வெள்ளை மேலங்கி கட்டிக்கொண்டு, கத்தியும் முள்கரண்டியும் இல்லாமல் கையால் தின்றார்கள். கரியில் வாட்டி, மெல்லிசாக அரிந்து, உருக்கிய வெண்ணெயில் தோய்த்த இறைச்சி ரொட்டித் துண்டின் மேல் வரும். தேர்ந்தவர்கள் ரொட்டியைத் தொடமாட்டார்கள். எத்தனை தின்றோம் என்ற கணக்குக்காக அடுக்கி வைப்பார்கள். உப்பிட்ட பன்றி இறைச்சி சுற்றிய ஆட்டுச் சிறுநீரகமும் குவளை குவளையாக பீரும் கூட வரும். நகரின் ஜனநாயகக் கட்சி அமைப்பான டாமனி ஹாலின் அரசியல்வாதிகள் வாக்குக்கான முதலீடாக இதை நடத்தினார்கள். 1920இல் நாடு முழுவதும் பெண்களுக்கு வாக்குரிமை வந்ததும் அவர்களையும் அழைத்தாக வேண்டியதாயிற்று. பழக்கலவையும் மான்ஹாட்டன் காக்டெயிலும் நடன இசையும் கூடவே நுழைந்தன. அதனால் விருந்து கெட்டது என்று புலம்பிய பழைய ஆட்களை ஜோசப் மிட்செல் 1939இல் நியூயார்க்கர் இதழில் எழுதிய கட்டுரையில் காணலாம். நியூ ஜெர்சியின் வடபகுதியில் இவ்விருந்து இன்றும் நடக்கிறது.

படுகைகள் மூடப்பட்டன

சிப்பி ஒரு நாளைக்கு 190 லிட்டர் வரை நீரை வடிகட்ட வல்லது. நீரில் உள்ள உணவு அதன் வயிற்றுக்குப் போவது போலவே கிருமியும் போகும். வளர்ந்துவந்த நகரம் தன் கழிவு முழுவதையும் இதே துறைமுகத்தில் விட்டது. டைபாய்டு அடிக்கடி வந்தது. 1924–25 குளிர்காலத்தில் நியூயார்க், சிகாகோ, வாஷிங்டன் நகரங்களில் பரவிய டைபாய்டுக்கு இப்பகுதிச் சிப்பிகளே காரணம் என்று கண்டறியப்பட்டது. சுமார் 1,500 பேருக்கு நோய், 150 பேர் மரணம். ஸ்டேட்டன் தீவுப் படுகைகள் அதற்கு முன்பே மூடப்பட்டிருந்தன. எஞ்சியிருந்த நகரப் படுகையும் 1927இல் மூடப்பட்டது. சாண்டி கிரவுண்டின் வாழ்வும் அதோடு போயிற்று. ஆளுநர் தீவில் 2014இல் தொடங்கிய பில்லியன் ஆய்ஸ்டர் திட்டம் உணவகங்களிலிருந்து ஓடுகளைச் சேகரித்துப் புதிய சிப்பித் திட்டுகளை அமைக்கிறது. பலத்த மழையில் சாக்கடை இன்னும் துறைமுகத்துக்குள் வழிவதால் அவற்றை உண்ணக் கூடாது.

படுகைகள் மூடப்படுவதற்கு முன்பே சிப்பிக் கடை வேறு உருவம் எடுத்திருந்தது. டைம்ஸ் சதுக்கத்தில் ரெக்டர்ஸ் போன்ற சிங்கி இறால் மாளிகைகள் நாடகம் முடிந்து வரும் கூட்டத்துக்கு நள்ளிரவு விருந்தும் ஷாம்பேனும் பரிமாறின. இவை சிங்கி இறால் விற்று வாழ்ந்தவை அல்ல, மது விற்று வாழ்ந்தவை. 1920இல் மதுவிலக்கு வந்தது. பத்தாண்டுக்குள் ஒன்றும் மிஞ்சவில்லை. 1913இல் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தின் அடித்தளத்தில், கட்டடக் கலைஞர் குவாஸ்டவினோவின் ஓட்டு வளைவுகளுக்குக் கீழே திறந்த ஆய்ஸ்டர் பார் பிழைத்தது. ரயில் பயணிகள் குறைந்ததால் அதுவும் நொடிந்து, 1974இல் உணவகத் தொழிலதிபர் ஜெரோம் பிரோடி கையில் கடலுணவுக் கடையாகவே மீண்டது. கிரீமும் வெண்ணெயும் மிளகாய்ச் சாஸும் சேர்த்து நீராவிக் கெண்டியில் கொதிக்க வைக்கும் பான் ரோஸ்ட் அதன் அடையாளம். ஃபுல்டன் மீன் சந்தையை ஒட்டியிருந்த ஸ்வீட்ஸ், ஸ்லாப்பி லூயிஸ் இரண்டும் இன்று இல்லை. சந்தையே 2005இல் பிராங்க்ஸுக்குப் போய்விட்டது.

ஸ்டேக் கடைகளுக்கோ மதுவிலக்கு உதவியது. 52ஆம் தெருவின் கல்லகர்ஸ் 1927இல் திருட்டு மதுக்கடையாகத் தொடங்கி, விலக்கு நீங்கியதும் ஸ்டேக்ஹவுஸ் ஆனது. தெருவில் போகிறவர் பார்க்கும்படி இறைச்சிக் கிடங்குக்குக் கண்ணாடிச் சன்னல் வைத்தார்கள். இதைவிடத் துணிச்சலான விளம்பரப் பலகை அந்த ஊரில் இல்லை. 1926இல் பிறந்த பாம், பத்திரிகைக்காரர்கள் கூடிய இத்தாலியக் கடை. கேலிச்சித்திரக்காரர்கள் சுவர்களில் வரைந்து தள்ளினார்கள். பின்னாளில் ஸ்டேக்கோடு பெரிய பெரிய சிங்கி இறாலையும் அங்கே கொடுத்தார்கள்.

பதம்

அமெரிக்க வேளாண்மைத் துறை 1927 முதல் மாட்டிறைச்சிக்குத் தர முத்திரை இடுகிறது. தசைக்குள் கொழுப்பு இழை இழையாக ஓடுவது பிரைம், உச்சத் தரம். வாங்கிய இறைச்சியை உறைநிலைக்குச் சற்று மேலே, காற்றோட்டத்தில், மூன்று முதல் ஐந்து வாரம் தொங்கவிடுவது பழைய முறை. ஈரம் வற்றிச் சுவை இறுகும். நொதிகள் தசையை இளக்கும். மேலே கறுத்துக் காய்ந்த தோட்டை வெட்டி எறிய வேண்டும். எடை நட்டம் கணிசம். 1960களில் இறைச்சியைக் காற்று நீக்கிய பிளாஸ்டிக் பையில் அடைத்துப் பெட்டியாக அனுப்பும் வழக்கம் வந்தபின் நட்டமில்லாமல் பதப்படுத்த முடிந்தது. ஆனால் அந்தச் செறிந்த மணம் வராது. பெரும்பாலான கடைகள் பையை ஏற்றன. பழைய முறையை விடாதவை அதையே விலைக்கான நியாயமாக்கின.

பீட்டர் லூகர் அப்படிப் பிழைத்த கடை. உரிமையாளர் 1941இல் இறந்தபின் தேய்ந்து, 1950இல் ஏலத்துக்கு வந்தது. எதிரே உலோகப் பட்டறை வைத்திருந்த வாடிக்கையாளர் சால் ஃபார்மன் வாங்கினார். அவர் மனைவி மார்ஷா இறைச்சிச் சந்தைக்குப் போய்க் கற்று, ஒவ்வொரு துண்டையும் தானே பார்த்து எடுத்தார். அந்தப் பொறுப்பு இன்றும் குடும்பத்துப் பெண்களிடம் இருக்கிறது. ஆண்களின் கோட்டை என்று பேர்பெற்ற உணவக வகையில் இது நினைவில் கொள்ளத்தக்க செய்தி. 2019இல் நியூயார்க் டைம்ஸ் விமர்சனம் ஒரு நட்சத்திரமும் தரவில்லை. வாசலில் கூட்டம் குறையவில்லை.

ஒரே தட்டில்

1960களில் ஸ்டேக்கையும் சிங்கி இறால் வாலையும் ஒரே தட்டில் வைக்கும் சர்ஃப் அண்ட் டர்ஃப் பரவியது. இரண்டு விலைகளைக் கூட்டி வைப்பதைத் தவிர அதில் சமையல் யோசனை எதுவும் தெரியவில்லை. ஆனால் கடலுணவகம் ஸ்டேக்ஹவுஸுக்குள் ஓர் அறையாகச் சுருங்கியதன் அடையாளம் அதுவே. இன்று எந்த ஸ்டேக்ஹவுஸிலும் உணவு பனிக்கட்டியின் மேல் அடுக்கிய சிப்பியோடும் இறாலோடும் தொடங்குகிறது. இந்தச் சேர்க்கைக்கு முன்னோடி புரூக்ளினின் கேஜ் அண்ட் டாலனர். 1879இல் தொடங்கி, வாயு விளக்கொளியில் சிப்பியும் ஸ்டேக்கும் ஒருங்கே பரிமாறியது. 2004இல் மூடி, 2021இல் மறுபடி திறந்தது.

நிறுவனச் செலவில் உண்பவர்கள் பெருகியதும் ஸ்மித் அண்ட் வொலென்ஸ்கி 1977இல் வந்தது. அந்த இரண்டு பெயர்களும் தொலைபேசிப் புத்தகத்தில் எடுத்தவை. ஸ்பார்க்ஸ் ஸ்டேக்ஹவுஸின் பெயரை ஊரறியச் செய்தது உணவு அல்ல; 1985 டிசம்பரில் மாஃபியா தலைவர் பால் காஸ்டெல்லானோ அதன் வாசலில் சுடப்பட்டார்.

நடுத்தரக் குடும்பங்களுக்கு நாடெங்கும் சங்கிலிக் கடைகள் வந்தன. கடலுணவில் முதன்மையானது 1968இல் ஃபுளோரிடாவில் பிறந்த ரெட் லாப்ஸ்டர். அது 2014இல் கைமாறியபோது கடைகளின் நிலம் தனியே விற்கப்பட்டதால் சொந்த இடத்துக்கே வாடகை கட்டியது. பிறகு 20 டாலருக்கு இறால் வேண்டுமட்டும் என்ற திட்டத்தை 2023இல் நிரந்தரமாக்கியதும் நட்டம் ஏறி, 2024 மே மாதம் திவால் மனு கொடுத்தது. இந்த இறால் கதை இந்தியாவையும் தொடுகிறது: அமெரிக்கா இறக்குமதி செய்யும் இறாலில் அண்மை ஆண்டுகளில் இந்தியாவின் பங்கே பெரிது. அதில் மிகுதி ஆந்திரக் கடலோரப் பண்ணைகளின் வன்னாமி இறால், தமிழ்நாட்டுப் பண்ணைகளின் பங்கும் உண்டு. 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருள்களுக்கான சுங்க வரியை அமெரிக்கா 50 சதவீதமாக உயர்த்தியபோது, குளத்தோரத்தில் விவசாயிக்குக் கிடைத்த விலை சரிந்தது.