மூளையின் நாடி வளையம்

சீனன்குடாவில் நான் கற்பிக்கும் வகுப்பறைச் சுவரில் மூளைப் படமொன்று தொங்குகிறது. கழுத்து வழியே ஏறும் நான்கு நாடிகள் மூளையின் அடியில் கூடி, குறையற்ற வளையமொன்றை அமைப்பதாக அதில் வரைந்திருக்கிறார்கள். இவ்வளையத்தின் பயனை 1664இல் விளக்கியவர் ஆங்கில மருத்துவர் தோமஸ் வில்லிஸ். கழுத்து நாடியொன்று அடைபட்டும் பக்கவாதம் காணாது வாழ்ந்த ஒருவரின் சடலத்தை அறுத்து நோக்கிய அவர், ஏனைய நாடிகளின் குருதியே வளையத்தின் வழி வந்து மூளையைக் காத்ததென உணர்ந்தார்.

ஆயினும் படத்திலுள்ள வளையம் எல்லார் தலையிலும் இல்லை. 1959இல் அல்பேர்சும் துணைவரும் 350 இயல்பான மூளைகளை ஆராய்ந்தனர். ஏறத்தாழப் பாதியில்தான் பாடநூல் வடிவம் இருந்தது. ஏனையவற்றில் இணைப்பு நாடி நூலென மெலிந்திருக்கும். சிலவற்றில் அறவே இராது. மனிதரில் பாதிப்பேரை விலக்கென்று தள்ளுவது என்ன விதியோ!

இவ்வறிவு தமிழுக்குப் புதிதன்று. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், 1864 முதல் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் போதித்தார். உடற்கூற்று நூல்களும் தமிழில் எழுந்தன. அவருக்குப்பின் அம்மரபு நிலைக்கவில்லை. ஆகவே, ஒரே வகை அடைப்புக்குப்பின் ஒருவர் எழுந்து நடக்க, மற்றவர் பாயில் கிடப்பதேன் என்று இங்குள்ள மீனவக் குடும்பம் வினவினால், ‘விதி’ என்பதே விடையாகிறது. மெலிந்த அந்த இணைப்பு நாடியைப் பற்றி அவர்களிடம் எவரும் சொல்வதில்லை.